தனியாகப் போனால் எவ்வளவு, குடும்பத்தோடு போனால் எவ்வளவு? பைக் டயர் காற்று பற்றி நாம் அறிய வேண்டியவை



நம் ஊர்களில் பைக் இல்லாத வீடு இன்று அரிது. கருக்களாச்சேரி போன்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து காரைக்கால் கடைத்தெருவுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், நாகூருக்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு சக்கரங்களில்தான் போய் வருகின்றன. காலையில் வேலைக்குத் தனியாகப் போகும் அதே வண்டியில் மாலையில் மனைவியும் பிள்ளையும் ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தனியாகப் போகும் வண்டியில் சனிக்கிழமை உம்மாவை வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். சுமை இப்படி நாளுக்கு நாள் மாறுகிறது. ஆனால் டயரில் இருக்கும் காற்று மட்டும் மாறுவதே இல்லை. பங்ச்சர் கடைக்காரர் போன மாதம் அடித்த காற்றுதான், அதுவும் பாதி கசிந்த நிலையில், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலேயே தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் வருகிறது. பயண துஆ ஓதி வண்டியில் ஏறும் நாம், அந்த வண்டி நிற்கும் இரண்டு சக்கரங்களில் போதிய காற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த வழிகாட்டலுக்குள் அடங்கும். பின்னால் அமர்ந்து வருபவரின் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எத்தனை பேர் ஏறும்போது எவ்வளவு காற்று வைப்பது, ஏன் வைப்பது, அதை வீட்டிலேயே எப்படிச் சரிபார்ப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே வண்டிக்கு ஏன் இரண்டு அளவு?

உங்கள் வண்டியின் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ, ஸ்கூட்டராக இருந்தால் சீட்டுக்கு அடியிலோ ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் முன் டயருக்கு ஓர் அளவும் பின் டயருக்கு இரண்டு அளவுகளும் இருப்பதைக் காணலாம். அந்த இரண்டில் ஒன்று ஓட்டுபவர் மட்டும் செல்வதற்கு, மற்றொன்று பின்னால் ஒருவர் ஏறும்போது. ஸ்டிக்கர் கிழிந்துவிட்டால் வண்டியோடு தந்த கையேட்டில் அதே விவரம் இருக்கும்.

இரண்டு அளவு எதற்கு என்பதை ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். 28 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. அதாவது, டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 2 கிலோ எடையைத் தாங்குகிறது. பின் சக்கரத்தின் மேல் 120 கிலோ இருந்தால், டயர் 60 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படியும். நம் உள்ளங்கையை விடச் சற்றுச் சிறிய இடம் அது.

இப்போது பின்னால் ஒருவர் ஏறுகிறார். அவர் உட்காரும் இடம் ஏறக்குறைய பின் சக்கரத்துக்கு நேர் மேலே. அதனால் அவர் எடையில் பெரும்பகுதி பின் டயரின் மேல்தான் இறங்கும், முன் டயருக்குப் போவது கொஞ்சமே. பின் சக்கரத்தின் மேல் 170 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கூட்டாவிட்டால் அந்த எடையைத் தாங்க டயர் 85 சதுர சென்டிமீட்டர் படிய வேண்டும். டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்கு மடங்கினால்தான் அது நடக்கும். டயரின் ரப்பரும் நூல் அடுக்கும் தாமே கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மைக் கணக்கு இதிலிருந்து சற்று மாறும். ஆனால் போக்கு இதுதான்: எடை கூடும்போது காற்றும் கூட வேண்டும், அதுவும் பின் சக்கரத்தில்.

ஸ்டிக்கரில் முன் டயர் அளவு பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதற்கும் பின் டயர் அளவு மட்டும் மாறுவதற்கும் இதுவே காரணம்.

நம் வீதிகளில் ஓடும் வண்டிகளின் அளவுகள்

புரிந்துகொள்வதற்காக இரண்டு எடுத்துக்காட்டுகள்:

ஹோண்டா ஆக்டிவா: முன் டயர் 22 பிஎஸ்ஐ. பின் டயர் தனியாகச் சென்றால் 29, இருவர் சென்றால் 36.

பஜாஜ் பல்சர் 150: முன் டயர் 25 பிஎஸ்ஐ. பின் டயர் தனியாகச் சென்றால் 28, இருவர் சென்றால் 32.

ஆக்டிவாவில் தனி அளவுக்கும் இருவர் அளவுக்கும் 7 பிஎஸ்ஐ வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். ஸ்கூட்டரின் பின் சக்கரம் சிறியது. எஞ்சினும் அதன் அருகிலேயே இருக்கிறது. அதனால் பின்னால் ஆள் ஏறும்போது அந்தச் சிறிய டயருக்குச் சுமை சட்டென்று கூடிவிடுகிறது. நம் வீட்டுப் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதிகம் பயன்படுத்துவது ஸ்கூட்டர்தான் என்பதால் இதைச் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

மாடலும் வருடமும் மாறினால் இந்த அளவுகளும் மாறலாம். எனவே இங்கே படித்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியின் ஸ்டிக்கரைப் பார்த்து, அந்த எண்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரில் சில இடங்களில் பிஎஸ்ஐ இல்லாமல் வேறு அளவைகள் இருக்கும். அவற்றை மாற்றும் விதம்:

1 பார் = 14.5 பிஎஸ்ஐ
100 கிலோ பாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ
சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ = 14.2 பிஎஸ்ஐ

200 கிலோ பாஸ்கல் என்று இருந்தால் அது 29 பிஎஸ்ஐ. 250 என்று இருந்தால் 36 பிஎஸ்ஐ.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

காற்று குறைந்த டயர் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதன் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது சூடாகி முறிவதைப் போலத்தான் இதுவும். மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தார் ரோட்டின் சூடும் இதனோடு சேர்கிறது. இருவர் எடை, குறைந்த காற்று, வேகம், வெயில் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேரும்போது டயரின் உள்ளே நூல் அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பக்கச்சுவர் புடைக்கும், அல்லது டயர் வெடிக்கும்.

டியூப் உள்ள டயரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காற்று குறைவாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். டயரோடு சேர்ந்து உள்ளே இருக்கும் டியூபும் நகரும். ஆனால் வால்வு ரிம்மின் ஓட்டையில் மாட்டியிருப்பதால் அது நகர முடியாது. எனவே வால்வு சாய்ந்து, அதன் அடிப்பகுதி கிழிந்து, காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். உங்கள் வண்டியில் வால்வு நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சாய்ந்திருந்தால் அதே நிலையில் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். பங்ச்சர் கடையில் டியூபை இறக்கிச் சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஓட்டும்போதே தெரியும் அறிகுறிகளும் உண்டு. வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் மிதப்பது போலவும் ஆடுவது போலவும் இருக்கும். ஹேண்டில் கனமாக இருக்கும். வண்டியைத் தள்ளும்போது பாரமாகத் தெரியும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி தேயாமல் இருந்தால், பல நாட்களாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது என்று பொருள்.

காற்று மிஞ்சினால் என்ன ஆகும்?

இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடம் உண்டு. "நல்லா டைட்டா அடிங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, அளவு பார்க்காமலேயே நிரப்பிக்கொண்டு வருகிறோம். முன் பின் இரண்டுக்கும் ஒரே அளவாக 35, 40 என்று அடித்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. முன் டயருக்கு 22 தேவைப்படும் ஸ்கூட்டரில் 35 அடித்தால் டயர் கல் மாதிரி இறுகும். தரையில் படியும் இடம் சுருங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். அந்தச் சக்கரம் மழை ஈரத்திலும், கடற்காற்று ரோட்டில் கொண்டுவந்து போடும் மணலிலும் சறுக்கத் தொடங்கினால் சமாளிப்பது கடினம். குழியில் இறங்கும்போது ரிம்மும் அடிபடும், முதுகும் அடிபடும். டயரின் நடுப்பகுதி மட்டும் வேகமாகத் தேயும்.

ஆகவே குறைவதும் நல்லதல்ல, மிஞ்சுவதும் நல்லதல்ல. சுமைக்கு ஏற்ற அளவுதான் சரி.

ஒருநாள் தனியாக, ஒருநாள் இருவராக என்றால் எதை வைப்பது?

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு முறையும் மனைவி ஏறும்போது காற்று அடித்து, இறங்கியதும் காற்றைத் திறந்து விடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. நம் பயணங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் விடை எளிதாகும்.

முதல் வகை: பெரும்பாலும் தனியாகச் செல்பவர். வாரத்தில் ஆறு நாட்கள் தனியாக வேலைக்குப் போய், எப்போதாவது ஒருநாள் குடும்பத்தோடு செல்பவர் தனி அளவையே வைத்திருக்கலாம். குடும்பத்தோடு நாகூருக்கோ தரங்கம்பாடிக்கோ போகும் நாளில் மட்டும் புறப்படும் முன் பின் டயரை இருவர் அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை: தினமும் இரண்டு விதமாகவும் செல்பவர். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய், மாலையில் மனைவியோடு கடைக்குச் செல்பவர் பின் டயரை எப்போதும் இருவர் அளவிலேயே வைத்திருப்பது நல்லது. அந்த அளவில் தனியாக ஓட்டும்போது குலுக்கல் சற்றுக் கூடும், டயரின் நடுப்பகுதி கொஞ்சம் சீக்கிரம் தேயும், மழையில் பிடிப்பு சிறிது குறையும். நிதானமாக ஓட்டினால் இவற்றைச் சமாளித்துவிடலாம். தனி அளவில் இருவர் செல்வதால் வரும் சூடும் ஆட்டமும் அப்படியல்ல. இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்டிக்கரில் உள்ள இருவர் அளவைத் தாண்டிப் போகக் கூடாது. முன் டயருக்கு எப்போதும் முன் டயருக்கான அளவுதான்.

மூன்றாம் வகை: ஆள் இல்லை, சரக்கு உண்டு. பின் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன், அல்லது ஐஸ் போட்ட மீன் பெட்டி வைத்துக்கொண்டு போகும்போது டயருக்கு அது ஆளா சரக்கா என்று தெரியாது. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. இரும்பின் எடையையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் ஒரு ஆளின் எடை வந்துவிடும். தினமும் துறையிலிருந்து மீன் ஏற்றிச் செல்பவர்கள் இருவர் அளவையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளை ஒன்று மட்டும் பின்னால் வந்தால் இரண்டு அளவுகளுக்கும் இடையில் வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் இருவர் அளவுக்கே போய்விடுங்கள்.

ட்ரிபிள்ஸ் போவதற்கு எவ்வளவு காற்று?

எந்த வண்டியின் ஸ்டிக்கரிலும் மூன்றாவது வரி கிடையாது. காரணம், அப்படி ஓர் அளவு இல்லை.

டயரின் பக்கச்சுவரில் அதன் தாங்கும் திறன் எழுதப்பட்டிருக்கும். ஆக்டிவாவின் பின் டயரில் 90/100-10 53ஜே என்று இருக்கும். இதில் 53 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் அதிகபட்சம் 206 கிலோ தாங்கும் என்று பொருள். ஜே என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள். குறியீடு 47 என்றால் 175 கிலோ, 55 என்றால் 218 கிலோ. அந்த டயருக்கு உரிய முழுக் காற்றும் இருக்கும்போது மட்டுமே இந்தத் திறன் உண்டு. காற்று குறைந்தால் தாங்கும் திறனும் குறைந்துவிடும்.

வண்டிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியில் ஏற்றத்தக்க மொத்த எடை 130 கிலோ. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பைகள் எல்லாம் சேர்ந்துதான் இந்த 130. எழுபது கிலோ எடையுள்ள கணவரும் அறுபது கிலோ மனைவியும் ஏறினாலே அந்த வரம்பு நிறைந்துவிடுகிறது. இதற்கு மேல் டேங்கின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று ஏற்றுவதைக் காற்றைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. பிரேக்கும், ஷாக் அப்சர்பரும், சக்கரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சட்டமும் அதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே இருசக்கர வண்டியில் செல்லலாம். மீறினால் 194சி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் ரத்தும் உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை ஏற்றிச் சென்றால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பின்னால் அமரும் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நான்கு பேர் போக வேண்டிய இடத்துக்கு ஆட்டோவோ பஸ்ஸோ பிடிப்பதில் செலவு கொஞ்சம் கூடும். பெருநாள் அன்று ஆஸ்பத்திரியில் நிற்பதை விட அந்தச் செலவு குறைவுதான்.

எப்போது பார்ப்பது? ஃபஜ்ருக்குப் பிறகு

ஸ்டிக்கரில் உள்ள எல்லா அளவுகளும் குளிர்ந்த டயருக்கு உரியவை. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும். ஓட்டியதும் டயர் சூடாகி உள்ளே காற்று விரிகிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். மதிய வெயிலில் காரைக்காலிலிருந்து ஓட்டி வந்து இறங்கியதும் பார்த்தால் 28 இருக்க வேண்டிய டயர் 32 காட்டக்கூடும். "காற்று அதிகமாக இருக்கிறது" என்று நினைத்து அதைத் திறந்து விட்டால், இரவு டயர் குளிர்ந்ததும் 24-க்கு இறங்கிவிடும். சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை எடுக்காதீர்கள்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் பார்ப்பதே இதற்கு மிகப் பொருத்தமான நேரம். அதையும் வெள்ளிக்கிழமை என்று வழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது. நகம் வெட்டி, குளித்து, நல்ல ஆடை எடுத்து வைக்கும் நாளில் டயருக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் சோதனை ஆகாது. 20 பிஎஸ்ஐ உள்ள பைக் டயரும் 28 உள்ள டயரும் கைக்கு ஒன்றுபோலவே தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரும் அதில் பயன் பெறுவார்கள்.

வீட்டில் காற்று அடிக்கும் வசதி இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்:

1. காலையில் வீட்டிலேயே குளிர்ந்த டயரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் டயர் 30 காட்டுகிறது, தேவை 36 என்றால் குறைவது 6.

2. பங்குக்குப் போனதும் அங்கே டயரை மீண்டும் அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் 32 காட்டலாம்.

3. அந்த 32-உடன் உங்கள் குறை 6-ஐச் சேர்த்து 38 வரை அடிக்கச் சொல்லுங்கள். டயர் குளிர்ந்ததும் அது 36-க்கு வந்து நிற்கும்.

4. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை ஒருமுறை அளந்து பாருங்கள். அந்தப் பங்கின் மீட்டர் உங்கள் கேஜோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டிய வசதி. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "காற்று அடிங்க" என்று மட்டும் சொல்லாமல் "முன்னால 22, பின்னால 36" என்று எண்ணோடு சொல்லுங்கள்.

நைட்ரஜன் போடுவதா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பைக்குக்குச் சாதாரணக் காற்றே போதும். எதைப் போட்டாலும் வாராவாரம் அளந்து பார்ப்பதுதான் முக்கியம்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க

உப்புக் காற்றில் இரும்பு ரிம் சீக்கிரம் துருப்பிடிக்கும். டியூப் டயரில் ரிம்மின் உள்பக்கத் துரு டியூபை உரசி மெல்லிய ஓட்டை போடும். பங்ச்சர் ஒட்டும்போது ரிம்மின் உள்ளே உள்ள ரப்பர் பட்டை நன்றாக இருக்கிறதா, ஆரக்கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டியூப்லெஸ் டயரில் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் துருவோ மணலோ இருந்தால் காற்று மெல்லக் கசியும். வால்வு மூடி தொலைந்தால் அலட்சியம் வேண்டாம். மணலும் உப்பும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் "பிடிப்பு வரட்டும்" என்று காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள் உண்டு. ரோட்டில் ஓட்டும் டயருக்கு இது தவறு. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் நீரை வெளியேற்ற, டயர் தன் உருவத்தில் நிற்க வேண்டும். மழையிலும் அதே அளவுதான். வேகத்தை மட்டும் குறையுங்கள்.

சபுராளிகளின் வண்டி

நம் ஊர்களில் சபுருக்குப் போன சகோதரரின் வண்டி மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்பது வழக்கம். விடுமுறையில் வந்த மறுநாளே அதைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, மனைவி மக்களோடு புறப்பட்டுவிடுகிறார்கள். நின்ற வண்டியிலும் காற்று கசிந்துகொண்டுதான் இருக்கும். ஓடாமலேயே காற்று இறங்கிய டயரின் மேல் வண்டியின் எடை ஒரே இடத்தில் நின்று, அந்த இடத்தில் பக்கச்சுவர் வெடித்திருக்கக்கூடும்.

அப்படிப்பட்ட வண்டியை எடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

* பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றனவா? டயரை அழுத்தும்போது உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.
* பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும்.
* காற்றை முழு அளவுக்கு நிரப்பி ஒரு இரவு நிறுத்தி, மறுநாள் காலை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது.
* முதல் இரண்டு நாள் தனியாக, ஊருக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். குடும்பம் பிறகு ஏறட்டும்.

வெளிநாட்டில் இருக்கும்போது வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மாதம் ஒருமுறை காற்றைச் சரிபார்க்கும்படி வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

பின்னால் அமர்பவருக்காக இன்னும் சில

காற்றைச் சரிசெய்ததோடு வேலை முடிவதில்லை. பின் ஷாக் அப்சர்பரில் ஸ்பிரிங்கை இறுக்கும் படிகள் இருந்தால் இருவர் செல்லும்போது ஒன்றிரண்டு படி கூட்டி வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் நாமே செய்துவிடலாம்.

பர்தா அணிந்து வரும் பெண்களின் ஆடை பின் சக்கரத்தில் சிக்கும் ஆபத்து உண்டு. பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்புக் கம்பி, பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்கும் படி, கைப்பிடி ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 கட்டாயமாக்கியிருக்கிறது. அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றிவிட்ட வண்டியில் யாரையும் ஏற்ற வேண்டாம். பர்தாவின் ஓரத்தை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் சடாரென்று பிரேக் பிடிக்காதீர்கள். ஹேண்டிலை இரு கையாலும் நேராக இறுகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் குறைந்த பிறகு காற்று போகாத சக்கரத்தின் பிரேக்கை மென்மையாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். பின்னால் இருப்பவர் ஆடாமல் ஓட்டுபவரைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். காரைக்காலிலிருந்து திருமலைராயன் பட்டினம், வாஞ்சூர் வழியாக நாகூர் செல்லும் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கனரக லாரிகள் அதிகம். அங்கே நடு ரோட்டில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சுருக்கமாக

* ஸ்டிக்கரைப் பார்த்து மூன்று எண்களை மனதில் வையுங்கள்: முன் டயர், பின் டயர் தனியாக, பின் டயர் இருவராக.
* வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலையில், கேஜால் அளந்து பாருங்கள்.
* தினமும் குடும்பத்தை ஏற்றினால் பின் டயர் எப்போதும் இருவர் அளவிலேயே இருக்கட்டும்.
* நெடுந்தூரம் இருவராகப் புறப்படும் முன் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.
* சூடான டயரிலிருந்து காற்றை எடுக்காதீர்கள்.
* மூன்று பேருக்கு என்று ஓர் அளவு இல்லை.

வீட்டில் பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஆக்ஸிலேட்டரைக் காட்டுவதற்கு முன் இந்த ஸ்டிக்கரைக் காட்டுங்கள். வண்டி ஓட்டாத பெண்களும் இந்த மூன்று எண்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. "இன்னைக்குக் காத்து பாத்தீங்களா?" என்று ஏறும் முன் கேட்கும் உரிமை பின்னால் அமர்பவருக்கு முழுமையாக உண்டு.

நம் பயணங்களையும், நம்மை நம்பி நம்மோடு வருபவர்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.